பச்சை உடம்பு என்று படுக்க வைத்தேன்

என் நாய் சோமுவுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று முடிவானபோது, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்த ஒருவரும் அதைச் செய்து பார்த்தவர் இல்லை. என் அப்பா எல்பில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நாங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த காலத்தில் நாய் இல்லாத வீடே கிடையாது. ஆனால் ஒரு நாய்க்குக் கால் போனால் அது மூன்று காலோடு திரியும், அவ்வளவுதான். டாக்டரிடம் கொண்டுபோகும் பேச்சே இருக்காது. அதனால் யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்று தெரியாமல் ஆறு மாதம் தனியாக அலைந்தேன். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம், என் அறியாமையால் அந்தச் சின்ன உயிர் கூடுதலாக நொந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. இன்னொருவருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

சோமு ஒரு மினி பின்சர். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு, எடை 4 கிலோ 200 கிராம். கோலாலம்பூரில் இருக்கும் மகள் சின்ன வீட்டுக்கு மாறியபோது என்னிடம் விட்டுப்போனாள். என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் நானும் தையல் மெஷினும் மட்டும்தான் இருந்தோம், அப்புறம் இவன் வந்தான். 2024 ஜூன் மாதம், அவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் அஞ்சடியிலிருந்து (வீட்டு முன் சிமெண்டு நடை) இறங்கும்போது வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டான். எங்கேயோ குதித்துச் சுளுக்கிவிட்டது என்று நினைத்து நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவினேன். எதிர் வீட்டு அக்கா சொன்னார் என்று கோடாலித் தைலமும் தடவினேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தடவியதை நாய் நக்காமல் விடாது, அந்தக் கற்பூரமும் மெந்தாலும் அதன் வயிற்றுக்குத்தான் போகும். இன்னொருவர் பாதி பனடோல் (பாராசிட்டமால்) கொடு என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. பனடோல் நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். இபுபுரோபன், டைக்ளோபெனாக் மாதிரி நாம் மூட்டுவலிக்குப் போடும் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நாலு கிலோ உடம்புக்குப் பாதி மாத்திரையே பெரிய அளவு.

கால் சரியாகாததால் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். தொட்டுப் பார்த்தார்கள், தசைப்பிடிப்பு என்றார்கள், ஒரு ஊசி போட்டார்கள். மறுநாளே சோமு துள்ளி ஓடினான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆறாம் நாள் மறுபடியும் காலைத் தூக்கினான். இப்படியே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று தடவை போய்வந்தோம், மூன்று ஊசி, 220 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் எல்லா அறிகுறியும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. படி ஏறும்போது முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துக் குதிப்பான். வலது பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவே மாட்டான். காலைப் பின்பக்கமாக நீட்டினால் திரும்பி முறைப்பான். ஆகஸ்ட் கடைசியில் குளிப்பாட்டும்போது வலது தொடை ஒட்டிப்போயிருப்பது கையில் தெரிந்தது. எனக்குக் கையில் எப்போதும் இருப்பது இஞ்சுடேப்தான். அளந்தேன். இடது தொடை ஆறரை அங்குலம், வலது தொடை ஐந்து. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஸ்கூல் வேன் ஓட்டும் தம்பி ஒருவர் ஈப்போ நகரத்தில் உள்ள நாய் டாக்டரிடம் ஏற்றிப்போகச் சம்மதித்தார். ஏறக்குறைய 30 கிலோமீட்டர், போய்வர 60 வெள்ளி. நாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, வாடகைக் கார் கிடைப்பதும் கஷ்டம். அதனால் வண்டிக்கு முதலிலேயே ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையோடு முடியாது, நாங்கள் ஆறு தடவை போனோம். இன்னொன்று, நாய் வீட்டில் நொண்டுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். கிளினிக் வாசலில் இறங்கியதும் சோமு பயத்தில் நாலு காலும் ஊன்றி நேராக நடந்தான். வீடியோ இல்லாவிட்டால் நான் சொல்வதை நம்பியிருக்கவே மாட்டார்கள்.

ஈப்போ டாக்டர் அம்மா சீனர், என்னோடு மலாயில் பொறுமையாகப் பேசினார். மயக்க ஊசி போட்டு, இரண்டு இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்தார். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஒரு முனை இருக்கிறது, அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும். இடது பக்கம் அந்தப் பந்து வழுவழுவென்று வட்டமாகத் தெரிந்தது. வலது பக்கம், எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. சின்ன சாதி நாய்களில் சிலவற்றுக்கு ஒரு வயதுக்குள் அந்தப் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, எலும்பு செத்து நொறுங்கிவிடுமாம். லெக்-கால்வே-பெர்தஸ் என்று பெயர். 1910-இல் இதைக் குழந்தைகளிடம் கண்டு விவரித்த மூன்று டாக்டர்களின் பெயர் அது. பூடல், யார்க்‌ஷயர் டெரியர், மினி பின்சர் போன்றவற்றுக்கு அதிகம் வருகிறது. பரம்பரையாக வரக்கூடியது என்பதால் இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது என்றார். அடிபட்டதால் வந்ததல்ல என்று அவர் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்று மாதமாக, நான் அஞ்சடியில் கழுவிவிட்ட தண்ணீரில் வழுக்கித்தான் அவனுக்கு இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முன்பு போட்ட மூன்று ஊசியும் என்ன ஊசி? போன் பண்ணிக் கேட்டபோது ஸ்டீராய்டு என்று தெரிந்தது. கடைசி ஊசி போட்டு இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது நாய்க்குக் கொடுக்கும் மெலோக்சிகாம் வகை வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் குடல் புண்ணாகி இரத்தம் போகும். அதனால் அந்த மருந்தை ஆரம்பிக்க நாள் கடத்த வேண்டியதாயிற்று. எந்தக் கிளினிக்கில் எந்த ஊசி போட்டாலும் பெயரையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் இப்போது அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், ரவிக்கை அளவு எழுதும் நோட்டின் பின்பக்கம்.

ஆபரேஷனுக்கு முன் இரத்தம் பார்த்தார்கள். அதில் அடுத்த இடி. தட்டணுக்கள் குறைவு, உண்ணிக் காய்ச்சல். வெளியே எந்த அறிகுறியும் இல்லை, நன்றாகத்தான் சாப்பிட்டான். அந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் உறையாமல் போகலாம் என்று டாக்சிசைக்ளின் 28 நாளைக்குக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது. சோற்றோடு கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வெந்துபோகும். உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் வெடிப்பிலும் வாசற்படி இடுக்கிலும் ஒளிந்திருக்கும். நான் அதைத் தேடிச் சுத்தம் பண்ணவே இரண்டு நாள் ஆயிற்று. ஒரு மாதம் தள்ளிப்போனதில் அன்று எனக்குக் கோபம்தான். ஆனால் இரத்தப் பரிசோதனை வேண்டாம், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அக்டோபர் 3 வியாழக்கிழமை ஆபரேஷன். எஃப்.எச்.ஓ. என்று சொல்கிறார்கள். நொறுங்கிய பந்தையும் அதன் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு இரும்போ பிளாஸ்டிக்கோ வைப்பதில்லை. அந்த இடத்தில் வளரும் தழும்புச் சதையும் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து மூட்டு மாதிரித் தாங்கிக்கொள்ளும். எலும்பும் எலும்பும் உரசாததால் வலி போய்விடும். சின்ன நாய் எடை குறைவு, அதனால் நன்றாகவே நடக்கும் என்றார் டாக்டர். செயற்கை மூட்டு வைக்கும் முறையும் இருக்கிறது, அதற்குச் செலவு பல மடங்கு. எல்லாக் கிளினிக்கிலும் இந்த ஆபரேஷன் செய்வதில்லை. பக்கத்தில் ஆள் கிடைக்காதவர்கள் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையைக் கேட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு அது தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல். ஈப்போவிலேயே செய்தோம். ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது, இரண்டு இரவு வைத்திருந்து சனிக்கிழமை அனுப்பினார்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளும் மருந்தும் கொடுத்து, ஓய்வு கொடுங்கள், ஓட விடாதீர்கள், குதிக்க விடாதீர்கள் என்றாள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது, மகள் படித்துச் சொன்னதும் அதேதான். ஓய்வு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். பச்சை உடம்பு, அசையக்கூடாது. பிள்ளை பெற்றவளை எப்படிப் படுக்க வைப்போமோ அப்படி வைத்தேன். பெரிய காய்கறிக் கூடையில் மெத்தை போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்கு, இரண்டுக்குக்கூட வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய், வலது கால் தரையில் படாமல் பிடித்துக்கொள்வேன். உப்பில்லாமல், வெங்காயம் இல்லாமல் கோழி வேகவைத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு கதவில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஓடுவேன். மழித்த தொடை உரித்த கோழி மாதிரி வெளுத்து, தையல் கறுப்பாக ஏழு முடிச்சு. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) நாயைத் தொடமாட்டார், ஆனால் தினமும் வேலிக்கு அப்பால் நின்று "காசியான் டியா", பாவம் அது, என்று விசாரிப்பார். அந்த ஒரு குரல்தான் எனக்குத் துணை. இரண்டு வாரம் அவனை அசையாமல் காத்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் அவன் காலைப் பிடித்துப் பின்னால் நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை, அவன் கத்தினான். காலை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆட்டி விட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் தெரிந்தது, பயிற்சி எழுதிய இரண்டாவது தாள் ஒன்று இருக்கிறது, அதை எனக்குக் கொடுக்கவே இல்லை. எலும்பு முறிந்து பிளேட் வைத்தால் அசையாமல் வைக்க வேண்டும். இந்த ஆபரேஷனில் ஒட்டவேண்டிய எலும்பே இல்லை. கால் அசைய அசையத்தான் அந்தத் தழும்பு இளக்கமாக வளர்ந்து மூட்டாகும். அசைக்காமல் விட்டால் இறுகிப்போய்க் கால் மடங்கியபடியே நின்றுவிடும். ஓய்வு என்றால் ஓட்டம், குதிப்பு, மற்ற நாய்களோடு புரளுவது, இவைதான் கூடாது. மெதுவாக நடக்கத்தான் வேண்டும், அதுவும் முதல் சில நாட்களிலிருந்தே. டாக்டர் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போது வேனில் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். வேன் தம்பி ஒன்றும் சொல்லாமல் ரேடியோவைக் குறைத்தார்.

அதனால், நாயை வீட்டுக்குக் கூட்டிவரும் அன்று கவுண்டரில் நிற்காமல் டாக்டரையே பாருங்கள். எந்த நாளிலிருந்து காலை ஊன்றலாம், எத்தனை தடவை காலை அசைக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் கையால் செய்து காட்டச் சொல்லி அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு ஆபரேஷன் என்றால் விதியும் வேறாக இருக்கும், அதனால் என் கதையை வைத்து நீங்களாக எதையும் முடிவு பண்ணாதீர்கள்.

எனக்குச் செய்து காட்டியது இதுதான். வலி மருந்து கொடுத்து அரைமணி நேரம் கழித்து ஆரம்பிக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தொடையில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். என் உள்மணிக்கட்டில் வைத்துப் பார்த்துத்தான் வைப்பேன். ஆபரேஷன் ஆன முதல் மூன்று நாளைக்கு மட்டும் சூடு ஆகாது, துணியில் சுற்றிய ஐஸ்தான். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, ஒரு கையால் இடுப்பை அணைத்து, மறு கையில் முழங்காலை ஏந்தி, மெதுவாக முன்னால், மெதுவாகப் பின்னால். அவன் தலையைத் திருப்பினாலோ தசை விறைத்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. முதல் நாள் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். கடித்துவிட்டு அவனே அதை நக்கினான். நாலைந்து நாள் எனக்குக் கை நடுங்கும். பின்னால் நீட்டுவதுதான் கடைசிவரை கஷ்டம், ஒரு நாளைக்கு ஒரு நூல் அளவு கூடினாலே சந்தோஷம்.

நடையில் நான் கற்றது, வேகம் கூடாது என்பது. வேகமாக இழுத்தால் அவன் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் சுகமாக ஓடுவான். கல்யாண ஊர்வலத்தில் நடப்பது மாதிரி அடிமேல் அடி வைத்தால்தான், வேறு வழியில்லாமல் நாலாவது காலை ஊன்றுவான். கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்போடு போடும் பட்டையில் சின்னக் கயிறு கட்டினேன். காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பிறகும்தான், மற்ற நேரம் நம் ஊர் சிமெண்டு காலைச் சுட்டுவிடும். முதலில் ஐந்து நிமிடம் புல்லில், பிறகு பத்து, அப்புறம் எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்னால் இருக்கும் மேட்டில் ஏற்றம். வீட்டுக்குள் டைல்ஸ் தரை முழுக்க ரப்பர் பாய் விரித்தேன், 48 வெள்ளி. பாதத்துக்கடியில் நீண்டிருந்த நகத்தையும் வெட்டிவிட்டேன்.

ஒருநாள் காலை அஞ்சடியைக் கழுவிவிட்டு அவனை நடத்திக் கூட்டிவந்தேன். ஈரத்தை மிதித்து, காய்ந்த சிமெண்டில் ஏறினான். திரும்பிப் பார்த்தால் தடம் தெரிந்தது. மூன்று பாதம் முழுசாக, பூ மாதிரி. நாலாவது இடத்தில் இரண்டே இரண்டு விரல் புள்ளி, பொட்டு வைத்த மாதிரி. வெயிலில் அது காய்ந்து மறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தையல் பிரித்துப் பதினோராம் நாள் அது. அதற்குப் பிறகு தினமும் வேண்டுமென்றே அஞ்சடியை நனைத்து நடக்கவிட்டுத் தடத்தைப் பார்ப்பேன். இரண்டு விரல் மூன்றானது, பிறகு நடுச் சதையும் பதிந்தது. உங்கள் நாய் காலை ஊன்றுகிறதா, ஊன்றுகிற மாதிரி பாவனை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 31 தீபாவளி. முன்தினம் இரவே பட்டாசு ஆரம்பித்துவிட்டது. நான் அறைக்கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து அவனோடு உட்கார்ந்திருந்தேன். யாரோ வாசலில் கூப்பிட, எழுந்து கதவைத் திறந்த நொடியில் ஒரு வெடி. சோமு பாய்ந்து ஓடி, பாய் விரிக்காத சமையலறைத் தரையில் வழுக்கி விழுந்து அலறினான். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். போனில் டாக்டர், உள்ளே உடைவதற்குத் தகடோ திருகாணியோ எதுவும் இல்லை, இரண்டு நாள் பயிற்சியை நிறுத்திப் பாருங்கள் என்றார். மூன்றாம் நாள் பழையபடி ஊன்றினான். ஆபரேஷன் நாளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் பண்டிகைக்கு முந்தைய மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லாததால்தான் நான் தடுமாறினேன். முதல் கிளினிக்குக்கு 220, ஈப்போவில் எக்ஸ்ரேயோடு 330, இரண்டு இரத்தப் பரிசோதனை 190, டாக்சிசைக்ளின் 45, ஆபரேஷனும் இரண்டு இரவும் 2,300, பிறகு மருந்தும் கூம்பும் 120, ஆறு தடவை வேன் 360. மொத்தம் 3,565 வெள்ளி, பாய் தனி. மகள் ஆயிரம் அனுப்பினாள், மீதிக்கு என் இரண்டு வளையல் அடகுக்கடைக்குப் போயின. இதைவிட வலித்தது தையல் வருமானம். தீபாவளிக்கு முந்தைய மாதம்தான் எனக்கு அறுவடை. மூன்று வேளைப் பயிற்சியும் நடையும் வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார முடியவில்லை, ஏறக்குறைய 1,500 வெள்ளி வேலையைத் திருப்பி அனுப்பினேன். நாய்க்கா இவ்வளவு என்று நேரடியாகவே கேட்டார்கள். நானும் நேரடியாகவே ஆமாம் என்றேன்.

ஆறாவது வாரம் ஈப்போவில் வைத்து அளந்தபோது வலது தொடை ஐந்தே முக்கால் அங்குலம். மூன்றாம் மாதம் வீட்டில் அளந்தபோது ஆறு. அந்தக் கால் ஒரு சின்ன அளவு குட்டைதான். மழைக்காலைகளில் எழுந்தவுடன் முதல் நாலைந்து அடி இன்னும் துள்ளித்தான் நடக்கிறான், அப்புறம் சரியாகிவிடுகிறது. எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் பிஸ்கட் கிடையாது. வளையலில் ஒன்றை மீட்டுவிட்டேன். இதை எழுதும் 2025-இல் தீபாவளி சீக்கிரமே வருகிறது, அக்டோபர் 20. இப்போதே பதினெட்டு ரவிக்கை கையில் இருக்கிறது. மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் சோமு எங்கிருந்தாலும் வந்து என் காலடியில் படுத்துக்கொள்கிறான், வலது பக்கம் கீழே இருக்கும்படி.